ஹோலோடைப்புக்குத் தமிழில் என்ன போடலாம்?

பொள்ளாச்சியிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசரம். விலங்கியல் மாணவர்களுக்குப் பூச்சி வகைப்பாடு பற்றிய பாடக்குறிப்பை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான்கு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.

புதிய சிற்றினத்தை விவரித்துப் பெயர் வைப்பவர், இந்தப் பெயர் இந்த ஓர் உடலின்மேல்தான் நிற்கிறது என்று குறித்து அருங்காட்சியகத்தில் வைக்கிறாரே, அதுதான் ஹோலோடைப். அதோடு சேர்த்துக் குறிக்கும் மற்ற உடல்கள் பாராடைப். விலங்கியல் பெயரிடல் சட்டப்படி, 1999க்குப் பிறகு வரும் சிற்றினப் பெயருக்கு, பெயர் எந்த உடலின்மேல் நிற்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர் எடுபடாது.

'வகைமாதிரி' என்று போட்டுத்தான் முதலில் பாடம் எடுத்தேன். ஒரு பையன் எழுந்து, "அப்போ அந்த இனத்துலயே நல்லா இருக்கற பூச்சியாப் பாத்து வைப்பாங்களுங்களா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை, 'மாதிரி' என்ற சொல் அப்படித்தான் நினைக்க வைக்கும். இறகு கிழிந்த பூச்சியானாலும் குறித்துவிட்டால் பெயர் அதற்குத்தான்.

நம் தென்னையையே பாருங்கள். 2016இல் இந்தியாவிலேயே முதலில் பொள்ளாச்சிப் பக்கம்தான் சுருள் வெள்ளை ஈ தெரியவந்தது. ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள், கீழ் ஓலையெல்லாம் கரும்பூசணம். புது ஈ என்று எல்லோரும் பதறினோம். ஆனால் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டிலிருந்து கிடைத்தவற்றை வைத்து 2004இலேயே அதை விவரித்து, அலியூரோடிகஸ் ருகியோபெர்குலேட்டஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 'சுருக்கம் விழுந்த மூடியை உடையது' என்று பொருள். அந்த மூடி இருப்பது கூட்டுப்புழு ஓட்டில், நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். பறக்கும் ஈயை வைத்து இந்தக் குடும்பத்தில் இனம் பிரிப்பது கடினம். நம் தோப்பில் இருப்பது அதுதானா என்ற கேள்வி கடைசியில் அந்த மூல உடலில்தான் போய் முடியும். இதற்கு ஒரு சொல் வேண்டும்.

கோபியிலிருந்து, திங்கள் இரவு

அம்மிணி, சொல் நம்மிடமே இருக்கிறது: கட்டளை. பொன்னை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல். பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் என்று குறள் சொல்கிறது. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் அகராதியில் இந்தப் பெயர் உண்டு. கட்டு, அளத்தல் என்ற இரண்டு வேரும் இதில் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது. கோவில் கட்டளையையும் எண்ணிப் பாருங்கள், இன்ன பூசை இன்ன குடும்பத்தின் பெயரில் என்று நிலைநிறுத்துவதுதானே? கறையானையும் எறும்பையும் மூவறிவு, நண்டையும் தும்பியையும் நாலறிவு என்று தொல்காப்பிய மரபியலில் பிரித்து வைத்தவர்கள் நம்மவர்கள். சொல்லுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

திருப்பூரிலிருந்து, செவ்வாய்

ஐயா சொல்வது அழகுதானுங்க. ஆனால் இன்றைய பையனுக்குக் கட்டளை என்றால் கணினிக்குக் கொடுப்பது. சட்டம் 'பெயரைத் தாங்குவது' என்றுதானே சொல்கிறது? 'பெயர்தாங்கி' என்று போடலாமே.

கோவையிலிருந்து, செவ்வாய்

பெயர்தாங்கி வேண்டாம். பேருக்கு மட்டும் இருப்பவனைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆய்வகத்தில் நாங்கள் 'டைப்' என்றே சொல்கிறோம், யாருக்கும் குழப்பமில்லை. ஊசியில் பூச்சி, அதற்குக் கீழே இடமும் தேதியும் பிடித்தவர் பெயரும் உள்ள சீட்டு, அதற்கும் கீழே, ஹோலோடைப் என்று காட்ட ஒரு சிவப்புச் சீட்டு. சிவப்பு இருந்தால் கை படாமல் எடுக்க வேண்டும் என்று புதிதாக வரும் பிள்ளைக்கும் தெரியும். சூசை நாதன் இங்கிருந்து பிடித்து அனுப்பிய பூச்சிகள் இன்றும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் 'கோயம்புத்தூர், 1400 அடி' என்ற சீட்டோடு இருக்கின்றன. 'நாதனி' என்று அவர் பெயரிலேயே பல சிற்றினங்கள். ஆண் பெயரென்றால் லத்தீனில் கடைசியில் இகரம் வரும், பெண்ணென்றால் 'ஏ'. பெயரை லத்தீன் எழுத்தில்தான் வைத்தாக வேண்டும் எனும்போது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு?

ஈரோட்டிலிருந்து, புதன்

பூச்சி எனக்குத் தெரியாதுங்க, பத்திரம் எழுதுகிறவன். நீங்கள் சொல்வதைப் படித்தால் மூலப்பத்திரம் ஞாபகம் வருகிறது. காடு அஞ்சு கை மாறியிருக்கும், வரப்பு நகர்ந்திருக்கும். தகராறு என்று வந்தால் மூலப்பத்திரத்தை எடுங்கள் என்போம். அது நல்ல தாளா, கிழிந்த தாளா என்று யாரும் பார்ப்பதில்லை. மூலச்சான்று, துணைச்சான்று என்று வையுங்களேன்.

கோபியிலிருந்து, புதன்

மூலம் வடசொல். மாணவர்களுக்கு நோயும் ஞாபகம் வரும். முதற்சான்று என்றாவது போடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து, வியாழன்

ஐயா, 'முதல்' என்றால் முதலில் பிடித்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இருபது பூச்சி பிடித்து, கடைசியாகக் கிடைத்ததையும் ஹோலோடைப்பாகக் குறிக்கலாம். மூலப்பத்திரம் இல்லாத வீடு இங்கே இல்லை, சொன்னதும் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே இந்தப் பதிப்பில் மூலச்சான்று. முதல்முறை வருமிடத்தில் ஹோலோடைப் என்பதையும் சேர்க்கிறேன், கோவை அண்ணனுக்காக. கட்டளையை விட எனக்கும் மனசில்லை, அடிக்குறிப்பில் வைக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பழைய விவரிப்புகளில் ஒன்றைத் தனியே குறிக்காமல் பல உடல்களைச் சேர்த்தே பெயருக்கு ஆதாரமாக வைத்திருப்பார்கள், சின்டைப். பின்னால் ஒருவர் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் லெக்டோடைப். இதற்கு?

ஈரோட்டிலிருந்து, வியாழன் இரவு

முதலாவது கூட்டுப்பட்டாங்க. இரண்டாவது அதிலிருந்து தனிப்பட்டா பிரிப்பது. கூட்டுச்சான்று, தனிச்சான்று.

கோபியிலிருந்து, வியாழன் இரவு

பட்டாவும் வடசொல்லே. கூட்டுச்சான்று இருக்கட்டும். மூலச்சான்றுக்கு நான் இன்னும் ஒப்பவில்லை என்பதையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடு அம்மிணி.