தன்மைக்காட்டி: k-க்கு இரண்டு விடை வருகிறது, ஒன்றைத்தான் ஏற்கிறார்கள், ஏன்?

கேள்வி:
(k − 2)x² − 2(k − 2)x + 5 = 0 என்பதன் மூலங்கள் சமம் எனில் k என்ன? தன்மைக்காட்டி b² − 4ac = 0 (a, b என்பன x², x உறுப்புகளின் கெழுக்கள், c மாறிலி) என்று போட்டால் 4(k − 2)(k − 7) = 0 வருகிறது. அப்போது k = 2 அல்லது 7. விடைப்பட்டியலில் 7 மட்டும்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டாலும் 2 வந்து நிற்கிறது. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
நீங்கள் சுருக்கியதெல்லாம் சரி. கொடுத்த சமன்பாட்டிலேயே k = 2 என்று போட்டுப் பாருங்கள். x² உறுப்பும் போச்சு, x உறுப்பும் போச்சு; மிஞ்சுவது 5 = 0. இதற்கு ஏது மூலம்?

b² − 4ac பிறப்பதே வர்க்கப் பூர்த்தியில், அதாவது x உள்ள பகுதியை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் முறையில். அங்கே முதல் வேலை, சமன்பாட்டை a-ஆல் வகுப்பது. a பூச்சியமானால் அந்த வழியே அடைபட்டுவிடும், தன்மைக்காட்டி சொல்வதற்கும் பொருளில்லை. k = 7 போட்டால் 5x² − 10x + 5 = 0, அதாவது 5(x − 1)² = 0. மூலங்கள் 1, 1.

பதில் 2:
இதே கணக்கை ‘மூலங்கள் மெய் எனில்’ என்று திருப்பியும் கேட்பார்கள். அப்போது (k − 2)(k − 7) ≥ 0. k ≤ 2 அல்லது k ≥ 7. இங்கேயும் 2-ஐ விலக்கிவிட்டு k < 2 அல்லது k ≥ 7 என்றே எழுத வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தச் சமக்குறியில்தான்.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. அப்புறம் இன்னொன்று. தன்மைக்காட்டி முழு வர்க்கமாக இருந்தால் மூலங்கள் விகிதமுறு எண்கள் என்று படித்தோம். x² − 2√3x + 2 = 0 என்பதில் 12 − 8 = 4, முழு வர்க்கம்தானே? ஆனால் மூலங்கள் √3 + 1, √3 − 1 என்று வருகின்றன.

பதில் 1:
நல்ல கேள்வி. அந்த விதி, கெழுக்கள் மூன்றும் விகிதமுறு எண்களாக இருந்தால் மட்டுமே. சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் இருப்பது 4, அதனால் 2 என்று சுத்தமாக வெளியே வந்துவிடுகிறது. ஆனால் முன்னால் நிற்கும் −b-யே 2√3 ஆயிற்றே, அதை யார் விகிதமுறு ஆக்குவது? மெய்யா, சமமா என்று பார்க்க மட்டும் கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தாலே போதும். இங்கே 4 > 0, ஆகவே வெவ்வேறான இரு மெய் மூலங்கள். அதுவரை சரி.