முயல் புழுக்கை போடல, அவசரம்!!

பாளை_புதுசு:
முயல் நேத்துல இருந்து புழுக்கையே போடல. எதக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிடுது. மூலையில ஒடுங்கி உக்காந்திருக்கு. என்ன மருந்து குடுக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க.

மானூர்_புல்லுக்கட்டு:
எத்தனை கிலோ? எத்தனை மாசம்? கடைசியா எப்பத் தின்னுச்சு, என்ன தின்னுச்சு? தண்ணி குடிக்கா? இதெல்லாம் சொல்லாம மருந்து கேட்டா என்னத்தச் சொல்ல?

டவுன்_காதுநீளம்:
முடி உருண்டைதான். நக்கி நக்கி முழுங்கியிருக்கும். அன்னாசிச் சாறு 10 மில்லி சிரிஞ்சுல விடுங்க, கரைஞ்சு வந்துரும்.

மூத்தமுயல்:
இதே கேள்வி எத்தனையாவது தடவை? பழசத் தேடி வாசிக்கப் பொறுமை இல்லாதவங்க முயல் வாங்காம இருக்கலாம். அன்னாசி அண்ணாச்சிக்கும் சேத்துச் சொல்லுதேன்: அந்தச் சாறு முடியக் கரைக்காது. நல்லாருக்க முயல் வயித்துலயும் முடி இருக்கத்தான் செய்யும். குடல் ஓட்டம் நின்னு, தண்ணி வத்துன பெறகுதான் முடியும் தீனியும் சேந்து இறுகுது. சாத்துல இருக்க சர்க்கரை குருட்டுக்குடல்ல கெட்ட கிருமியப் பெருக்கி, வாயுவக் கூட்டும்.

டவுன்_காதுநீளம்:
விஷயம் சரியாவே இருக்கட்டும். பயந்து போயிக் கேக்கவர்ட்ட இப்படியா பேசுவாவ?

பாளை_புதுசு:
2 கிலோ இருக்கும், ஒரு வயசு. கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட், கடையில விக்கிற கலர் தீவனம் குடுப்போம். மாடியில வளக்கதால புல்லு கிடையாது. நேத்து மத்தியானம் ஒரு வாழைப்பழம் முழுசா தின்னுச்சு. வீட்ல அமாக்சிசிலின் மாத்திரை இருக்கு, பொடிச்சுக் குடுக்கட்டுமா?

ஆத்தங்கரை_அக்கா:
அமாக்சிசிலின வாயில குடுத்துராதீங்க தம்பி! குடல்ல இருக்க நல்ல கிருமியக் கொன்னுரும், முயலே செத்துப்போவும்.

மொதல்ல வயித்த மெதுவாத் தொட்டுப் பாருங்க. பந்து கணக்கா உப்பி இறுகியிருந்தா அடைப்பா இருக்கலாம். முயலால வாந்தி எடுக்க முடியாது, அதனால வாய் வழியா எதுவுமே குடுக்காம தூக்கிட்டு ஓடுங்க. பிசைஞ்ச மாவு மாதிரி இருந்தா குடல் மந்தம். ஆசனவாய்ல வைக்கிற தெர்மாமீட்டர்ல 38.5ல இருந்து 40 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சரி. 38க்குக் கீழ எறங்கியிருந்தா, வெந்நீர் பாட்டில துண்டுல சுத்திப் பக்கத்துல வைங்க.

வயிறு இறுகாம வெறும் மந்தம்னா, பச்சப்புள்ளைக்கு வாயுக்குக் குடுக்கிற சிமெத்திகோன் சொட்டு 1 மில்லி, மணிக்கு ஒண்ணா 3 தடவை குடுக்கலாம். கெடுதல் இல்ல, ஆனா அதுவே வைத்தியம்னு நம்பி இருந்துராதீங்க. கிரைப் வாட்டர் வேண்டாம், அதுல இனிப்பு உண்டு.

தீனி எடுக்காம 12 மணி நேரம் எப்பவோ தாண்டியாச்சு. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உடனே கொண்டுபோங்க. வலி ஊசியும் தோலுக்கடியில ஏத்துற திரவமும் வீட்ல நடக்காது. வலி அடங்காம அது தீனிய எடுக்காது.

அடைப்பு இல்லன்னு டாக்டர் சொன்ன பெறகு, கலர் இல்லாத முயல் தீவனத்த வெந்நீர்ல ஊறவச்சு, கூழாக் கரைச்சு, வேளைக்கு 20 மில்லி, நாளைக்கு 5 வேளை. சிரிஞ்ச கடவாய்ப் பக்கமா வச்சு, ஒரு மில்லி விட்டு, முழுங்குதான்னு பாத்து அடுத்தது. அவசரப்பட்டா மூச்சுக்குழல்ல ஏறிரும்.

மானூர்_புல்லுக்கட்டு:
நாரு இல்லாத தீனி, அதுக்கு மேல வாழைப்பழம். வேற காரணம் தேட வேண்டாம். மாடின்னா என்ன? காஞ்ச கொழுக்கட்டைப்புல்லு ஒரு கட்டு கெடந்தா ரொம்ப நாளைக்கு ஓடும். தீனியில முக்காப்பங்குக்கு மேல காஞ்ச புல்லுதான் இருக்கணும். தீவனம் முயலோட எடையில கிலோவுக்கு 25 கிராம், நாளைக்கு அது போதும்.

வயக்காட்டு_வைக்கோல்:
புல்லுக்கு ஏன் அலையணும்? வைக்கோல் போடுங்க, சும்மாவே கெடைக்கும்.

மானூர்_புல்லுக்கட்டு:
வைக்கோல்ல நாரு உண்டு, சத்து இல்ல வே. நனைஞ்ச கட்டா இருந்தா பூசணம் வேற. கீழ விரிக்க வேணா ஆகும்.

வயக்காட்டு_வைக்கோல்:
அப்ப குதிரைமசால். கறி முயலுக்கு அதத்தான போடுதாவ, கொழுகொழுன்னு வருது.

மூத்தமுயல்:
கறி முயல் சில மாசத்துல சட்டிக்குப் போயிரும். வீட்டு முயல் 8, 10 வருசம் இருக்கணும். குதிரைமசால்ல சுண்ணாம்புச் சத்து அதிகம். முயலு அத உறிஞ்சி மூத்திரத்துலதான் கழிக்கும், பையில மணலாப் படியும். ஆறு மாசத்துக்குள்ள இருக்க குட்டிக்குச் சரி. இதையும் நானேதான் சொல்ல வேண்டியிருக்கு.

வயக்காட்டு_வைக்கோல்:
நீங்க சொல்லாட்டா மழையே பெய்யாது அண்ணாச்சி.

ஆத்தங்கரை_அக்கா:
உங்க சண்டையில கேட்டவரக் காணும். தம்பி, கெளம்பியாச்சா?

பாளை_புதுசு:
காட்டியாச்சு. அடைப்பு இல்லன்னாங்க. ஊசி போட்டு, தோலுக்கடியில தண்ணி ஏத்துனாங்க. ராத்திரி பத்துப் புழுக்கை, மொளகு அளவுல. நன்றி.

மானூர்_புல்லுக்கட்டு:
சின்னதா வந்தாலும் நல்லதுதான். கடவாய்ப் பல்லு பாத்தாங்களா? புல்லு மெல்லாத முயலுக்குப் பல்லு கூராகி நாக்கக் கிழிக்கும், அதுலயும் தீனி நிக்கும்.

மானூர்_புல்லுக்கட்டு:
தம்பி?