கூத்தாடுற ஆக்கள வச்சுக் குறும்படம்: குரலைக் குறைக்கிறது எப்பிடி?

முள்ளியவளைப் பெடியன்:
அண்ணையாக்கள், அக்காவாக்கள், ஒரு கேள்வி. ராத்திரி திரும்பவும் ‘அவதாரம்’ பாத்தன், 1995 இல நாசர் முதன்முதல் இயக்கின படம், தெருக்கூத்துக்காரரின்ர கதை. ‘தேவர் மகன்’ல மாயத்தேவரா வந்து மிரட்டின மனுசன், பிறகு ‘தேவதை’, ‘மாயன்’, 2003 இல ‘பாப்கார்ன்’, அவ்வளவுதான், இயக்கிறதை விட்டிட்டார், எனக்கு அது சரியான கவலை. அதை விடுங்கோ, நானும் எங்கட கோவலன் கூத்து ஆடுற ஆக்கள வச்சு போனில ஒரு குறும்படம் எடுக்கத் தொடங்கிட்டன், எடுத்ததைப் போட்டுப் பாத்தா ஒருத்தரும் கதைக்கேல்ல, எல்லாரும் கத்தினம். சோறு போடச் சொல்லிக் கேக்கிற இடத்திலயும் பாண்டியனிட்ட நீதி கேக்கிற குரல்!

நந்திக்கடல்:
தம்பி, அவையளில பிழையில்ல. கூத்தாடுற களரியைச் சுத்திச் சனம் இருக்கேக்க கடைசிப் பாயில நித்திரை தூங்குற ஆச்சிக்கும் கேக்கோணும், அதுக்குப் பழகின தொண்டை. இப்ப போன் மூண்டடியில நிக்குது, ஆச்சி கிட்ட வந்திட்டா எண்டு சொல்லிப் பாரும். அவதாரத்திலயே நாசர் நடிக்கிற குப்புசாமி கூத்தில நிக்கிற உடம்பு வேற, ரேவதியோட தனிய கதைக்கிற உடம்பு வேற, வடிவாக் கவனியும்.

கிளிநொச்சி அக்கா:
சொன்னா ஏறாது தம்பி, கைக்கு ஒரு வேலை குடுங்கோ. நான் நாடகம் பழக்கேக்க இப்பிடித்தான் ஒரு பெரியவர் கத்திக்கொண்டே நிண்டார், வெத்திலை மடிச்சு மடிச்சு வசனத்தைச் சொல்லுங்கோ எண்டன், சுண்ணாம்பு கூடிடும் எண்ட பயத்தில ஆள் குனிய, குரல் தானா இறங்கிட்டுது. மற்றது, முகத்துக்குப் பூசுறதெல்லாத்தையும் கழுவச் சொல்லுங்கோ, கிட்ட எடுக்கேக்க சுவருக்கு வெள்ளை அடிச்ச மாதிரி இருக்கும்.

வவுனிக்குளத்தான்:
முழுக்க இறக்கவும் வேண்டாம். பாலாசிங் நாடக மேடையில இருந்து வந்த ஆள், அவதாரத்தில அவரின்ர வில்லத்தனத்துக்கு அந்த மேடை மிடுக்குத்தானே பலம். பிரகாஷ்ராஜும் கன்னட மேடையில இருந்து வந்தவர், 2012 இல ‘தோனி’யை இயக்கித் தானே அப்பனா நடிச்சவர், அப்பன் வெடிக்கிற இடத்தில வெடிக்கத்தான் வேணும். ஆனா நீர் நடிச்சுக்கொண்டே இயக்காதையும், உம்மை ஆர் பாக்கிறது?

முள்ளியவளைப் பெடியன்:
அக்கா, வெத்திலை நல்ல யோசனைதான், ஆனா கூத்துப் பழக்கிற எங்கட அண்ணாவியார் வாயில வெத்திலை போட்டா பிறகு ஒரு சொல்லும் வராது. வலை பொத்தக் குடுத்துப் பாக்கிறன்.