பிரசவ ரியாலிட்டி ஷோ பார்ப்பதா, வேண்டாமா? (29 வாரம், முதல் குழந்தை)

ஹாரோ மீரா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 29 வாரம், முதல் குழந்தை. சொந்த ஊர் கும்பகோணம், கல்யாணமாகி இங்கே லண்டனில் ஹாரோவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, பக்கத்தில் கைக்குழந்தைக்காரர்கள் யாரையும் பழக்கமில்லை, பிரசவம் என்றால் சினிமாவில் காட்டுகிற வீறிடலும் கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடக்கிற அப்பாவும்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் ஆபீஸ் தோழி சொன்னாள் என்று, சேனல் 4-இல் 2010 முதல் 2018 வரை வந்த ‘ஒன் பார்ன் எவ்ரி மினிட்’ பழைய எபிசோடுகளைத் தேடிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். நிஜ ஆஸ்பத்திரி, நிஜப் பெண்கள், அறைச் சுவரிலேயே கேமரா பொருத்தி எடுத்தது. முதல் பத்துப் பன்னிரண்டு நன்றாகத்தான் போயின. குழந்தையைத் துடைத்தும் துடைக்காமலும் அம்மா நெஞ்சில் வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் அழுதுவிடுவேன்.

போன வியாழக்கிழமை அவர் நைட் ஷிஃப்டுக்குப் போன பிறகு ஒன்று பார்த்தேன். குழந்தையின் தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. மிட்வைஃப் (பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி) சுவரில் இருந்த பட்டனை அழுத்த, மணி அலறி, ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள், அந்தக் கணவர் அப்படியே ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார், சரியாக அந்த இடத்தில் கார் இன்சூரன்ஸ் விளம்பரம் போட்டார்கள். திரும்பி வந்ததும் குழந்தை அழுதது, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் அன்றிலிருந்து ராத்திரி 3 மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. காதில் அந்த மணிதான்.

அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, “மாசமா இருக்கிறவ பார்க்கிற காட்சியா அது, மூடி வை” என்கிறார். தோழி, “நான் ரெண்டு பிரசவத்துக்கும் பார்த்தேன், அதுதான் தைரியம் கொடுத்தது” என்கிறாள். அம்மாவால் 38-ஆவது வாரத்துக்கு முன்னால் வர முடியாது. நிறுத்திவிட்டால் ஒன்றுமே தெரியாமல் போய் நிற்பேனோ என்று பயம், பார்த்தால் இப்படி. பிரசவம் ஆனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், நீங்கள் பார்த்தீர்களா, உங்களுக்கு எப்படி இருந்தது?

லூட்டன் கவிதா:

மீரா, நான் பார்க்கச் சொல்கிற கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு முதல் பையன் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தான். உள்ளே போனதும் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், எழுந்து நடக்கலாமா என்று கேட்டதற்குத் திட்டு விழுந்தது, அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை விடுகிற ஏற்பாடு எப்போதோ வந்துவிட்டது, நான் காசு கொடுத்துப் போன இடத்தில் அம்மாவைக்கூட விடவில்லை. எனக்கு என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கடைசி வரை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அப்போதெல்லாம் பிரசவம் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவதுக்கு இங்கே வந்த பிறகுதான் இந்த ஷோ பார்த்தேன். ஒருத்தி முட்டி போட்டுக் கட்டில் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒருத்தி தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி கையில் வலியைக் குறைக்கிற அந்த கேஸ் குழாயை வைத்து உறிஞ்சிக்கொண்டே புருஷனைத் திட்டுகிறாள். இதெல்லாம் செய்யலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். படுத்துக்கொண்டுதான் பெற வேண்டும் என்று சட்டமா என்ன? வலி வந்த அன்றைக்கு நான் முட்டி போடப் போகிறேன் என்று சொன்னேன், மிட்வைஃப் மறுபேச்சுப் பேசாமல் தரையில் பாயை விரித்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற துணிச்சல் எனக்கு டிவியில் பார்த்ததால்தான் வந்தது. நம் வீடுகளில் பெரியவர்கள் எதையும் விவரமாகச் சொல்வதில்லை, “போனா வந்துடும்” என்பதோடு முடித்துவிடுவார்கள். அப்புறம் நாம் எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

ஆனால் ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். பகலில், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

வல்வை அக்கா:

தங்கச்சி, நான் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் 11 வருஷமாக மிட்வைஃப். உங்களைப் போல அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளை வாரம் ஒருவரையாவது காண்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மணி. தோள் சிக்குவது ஏறக்குறைய 150 பிரசவங்களுக்கு ஒன்றில் நடக்கும். நடந்தால் நாங்கள் செய்வது இதுதான்: மணியை அழுத்துவோம், உள்ளே வருகிறவர்களுக்குத் தோள் சிக்கியிருக்கிறது என்று சத்தமாகச் சொல்லுவோம், ஒருவர் நேரத்தைக் குறிக்கத் தொடங்குவார், இரண்டு பேர் தாயின் இரண்டு காலையும் பிடித்து முழங்கால் வயிற்றோடு படும்படி நன்றாக மடக்குவார்கள். அப்படி மடக்கும்போது இடுப்பெலும்பு சாய்ந்து தோளுக்கு வழி கிடைக்கும். பெரும்பாலும் இந்த ஒன்றே போதும், பத்தில் ஒன்பது வரைக்கும் இதிலேயே பிள்ளை வந்துவிடும். வராவிட்டால் அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே கையால் அழுத்துவோம், அதற்குப் பிறகும் வழிகள் உண்டு. இதையெல்லாம் பொம்மை வைத்து வருஷா வருஷம் பயிற்சி செய்கிறோம். ஓடி வந்த ஏழெட்டுப் பேரில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றிருப்பார்கள், பிள்ளைக்கான டாக்டர், மயக்க மருந்து டாக்டர், மூத்த மிட்வைஃப் என்று. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்றுதான் அத்தனை பேரையும் கூப்பிடுவது. நீங்கள் கண்டது நிலைமை கைமீறியதை அல்ல, எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்து சேர்ந்ததை. இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்திருக்கக்கூடிய விஷயம், நடுவில் விளம்பரம் வந்ததால் உங்களுக்கு இன்னும் முடியாமல் இருக்கிறது.

அடுத்தது, அதில் காட்டாதது. முதல் பிரசவத்தில் கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே 12 மணி நேரம் வரை போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தின கட்டம் ஒரு பகல், ஓர் இரவு, சிலருக்கு அதற்கும் மேலே போகும், அதில் பெரும்பகுதி நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். இத்தனையையும் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குள், அதுவும் இரண்டு மூன்று பெண்களுடையதைச் சேர்த்து அடக்கினால் என்ன மிஞ்சும்? கத்துவது, ஓடுவது, அழுவது.

போன மாதம் ஓர் இரவு. விளக்கைக் குறைத்து வைத்திருந்தோம். அந்தப் பிள்ளைக்கும் முதல் பிரசவம்தான், பந்தின் மேல் உட்கார்ந்து மெதுவாக ஆடிக்கொண்டு இரண்டு துண்டு டோஸ்ட் சாப்பிட்டாள், மனிசன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் நித்திரை. நான் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு எழுதி வைத்தேன். வலி வரும்போது பேச்சை நிறுத்துவாள், போனதும் விட்ட இடத்திலிருந்து தன் அக்காவின் கல்யாணச் சண்டையைச் சொல்லுவாள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அந்த அறையில் நடந்தது இவ்வளவுதான். எடிட் செய்கிறவர் முதலில் வெட்டி எறிகிற பகுதி இது, என் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

இன்னொன்று, யூடியூபில் அமெரிக்க நிகழ்ச்சிகளும் வரும், ‘எ பேபி ஸ்டோரி’ போன்றவை. அங்கே எல்லாரும் படுத்திருப்பார்கள், மானிட்டர் கட்டியிருப்பார்கள், டாக்டர் வந்து முடிவு சொல்லுவார். அந்த மாதிரி நிகழ்ச்சிகளை அலசி தெரேசா மோரிஸ் என்ற சமூகவியலாளரும் இன்னொருவரும் 2010-இல் ‘பர்த்’ என்ற ஆய்விதழில் எழுதினார்கள், அவற்றில் பெண்ணுக்கு முடிவெடுக்கிற இடமே தரப்படவில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. இங்கே உங்களுக்குச் சிக்கல் ஏதும் இல்லாவிட்டால் கூட இருக்கப்போவது மிட்வைஃப்தான், சாப்பிடலாம், நடக்கலாம். அதைப் பார்த்து இதுவும் அப்படி என்று நினைக்கவேண்டாம்.

அம்மா சொன்னதற்கும் ஒரு பதில். பார்த்ததால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பயம் வலியைக் கூட்டும் என்பது உண்மை, கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மகப்பேற்று டாக்டர் 1930-களிலேயே எழுதினார், பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி ஏறும், ஏறினால் இன்னும் பயம் என்று. நீங்கள் நித்திரை இல்லாமல் இருப்பதுதான் இப்போது எனக்குக் கவலை. முதல் பிள்ளை என்பதால் 31-ஆவது வாரத்தில் உங்களுக்கு ஒரு மிட்வைஃப் சந்திப்பு இருக்கும். அங்கே “நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழும்பி வராமல், 3 மணிக்கு முழிப்பதைச் சொல்லுங்கள். பயம் அளவுக்கு மீறிப் போனால் அதற்குத் தனியாகப் பேர் இருக்கிறது, டோக்கோஃபோபியா என்பார்கள், அதற்கென்று உதவி செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள். என்எச்எஸ் (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) நடத்துகிற பிரசவ வகுப்பு உங்கள் பகுதியில் எப்போது என்றும் கேளுங்கள், பிரசவ அறையை நேரிலோ வீடியோவிலோ காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகப்போகிற அறையைப் பாருங்கள், அந்த நிகழ்ச்சியில் வருகிற, சௌத்தாம்ப்டனில் யாரோ ஒருத்தி பெற்ற அறை உங்களுக்கு எதற்கு?

பெயர் வேண்டாம்:

கவிதா சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் முதல் பிரசவம் அவசர சிசேரியனில் முடிந்தது. வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் போனது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாவது மாசமாக இருக்கும்போது மாமியார் டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே வந்தவர் இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சியில் நிறுத்தினார். அதே விளக்குகள். கை உதறி, ரிமோட்டை வாங்கக்கூட முடியாமல் நான் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுகிறோம், எந்தப் பெண் எந்த நிலையில் இருந்து பார்க்கிறாள் என்பதை யார் பார்க்கிறார்கள்?

எனக்கு உதவியது வேறு. பழைய பிரசவக் குறிப்புகளை எடுத்துவைத்து உட்கார்ந்து பேசுகிற ஓர் ஏற்பாடு பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. ஒரு மூத்த மிட்வைஃப் பக்கம் பக்கமாக, இத்தனை மணிக்கு குழந்தையின் துடிப்பு இறங்கியது, இத்தனை மணிக்கு டாக்டர் வந்தார் என்று படித்துக் காட்டினார். அன்றைக்கு ஏன் ஓடினார்கள் என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அழுதேன், ஆனால் அதற்குப் பிறகு தூங்கினேன்.

மீரா, பார்க்காமல் இருந்தால் தயாராக மாட்டோம் என்று நினைக்காதீர்கள். நிறுத்திவிடுங்கள். குழந்தை பிறந்த பிறகு பார்க்க ஆசை இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

லூட்டன் கவிதா:

மேலே எழுதிய தோழிக்கு: நீங்கள் சொன்னதை நான் யோசித்தே பார்த்ததில்லை. என் முதல் பிரசவம் கசப்பானதுதான், ஆனாலும் இப்படி உதறல் எடுக்கிற மாதிரி இல்லை, அதனால் எனக்கு ஒத்துக்கொண்டது போல. மீராவுக்குத் தூக்கம் போகிறது என்றால் நானும் நிறுத்தச் சொல்லித்தான் சொல்வேன். முட்டி போடலாம், நடக்கலாம், கேட்கலாம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஹாரோ மீரா:

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அவரையும் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். முழங்காலை மடக்குகிற இடத்தை இரண்டு தடவை படித்தார். ஷோவை நிறுத்திவிட்டேன். நேற்று ராத்திரியும் விழிப்பு வந்தது, ஆனால் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கிற அந்த இரவை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் நான் பிறந்த கதையைக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை. முதலில் “அதெல்லாம் எதுக்கு இப்போ” என்றவர் அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். சாயங்காலம் வலி எடுத்து விடிகாலையில்தான் நான் பிறந்தேனாம், இடையில் ராத்திரி முழுக்க வராந்தாவில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாராம், எதிர்ச் சுவரில் இருந்த ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டே. பதினான்கு கம்பி. இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். ரொம்பக் கத்தினீங்களா என்று கேட்டேன், “கடைசி அரை மணி நேரம் கத்தினேன், அதுக்கு முன்னாடி எல்லாம் நடைதான்” என்றார்.

31-ஆவது வாரச் சந்திப்பு அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய். எழுதி வைத்துக்கொண்டுதான் போகப் போகிறேன். அக்கா, இன்னும் ஒன்று கேட்கட்டுமா: வீட்டில் இருக்கும்போது முதுகில் ஒட்டிக்கொண்டு லேசான மின்சாரத்தால் வலியைக் குறைக்கிற அந்த டென்ஸ் மெஷின் உண்மையாகவே உதவுமா, எத்தனையாவது வாரம் வாங்கி வைக்க வேண்டும்?

வல்வை அக்கா:

சிலருக்கு நன்றாக உதவும், சிலர் பத்து நிமிஷத்தில் பிடுங்கி எறிவார்கள். வாடகைக்கும் கிடைக்கும், முதலில் அதைப் பாருங்கள். 36-இல் எடுத்து வைத்தால் போதும், 37 வாரத்துக்கு முன்னால் ஒட்டவேண்டாம். எங்கே ஒட்டுவது என்பதை மனிசனுக்குப் பழக்கி வையுங்கள், உங்கள் கை அந்த இடத்துக்கு எட்டாது. தண்ணீருக்குள் இறங்குவதென்றால் கழற்றிவிட வேண்டும்.