அறிவு முன்னே ஓடுகிறது, மனம் தடுமாறுகிறது: உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 8 வயது. கணக்கில் 13 வயதுப் பிள்ளைகளின் பாடத்தைத் தானாகவே போடுகிறாள். படிப்பைப் பற்றிக் கவலை இல்லை, மனதைப் பற்றித்தான்.

சூரியன் ஒருநாள் அணைந்துபோகும் என்று படித்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. "அதற்கு இன்னும் சுமார் 500 கோடி வருடம் இருக்கிறதே" என்றேன். "அப்போது இருப்பவர்கள் பாவம் இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதே பெண் மறுநாள் பென்சில் முனை உடைந்ததற்கு அரை மணி நேரம் அழுதாள்.

அறிவு ஒரு வேகத்திலும் உணர்ச்சி வேறொரு வேகத்திலும் வளர்வது மீத்திறன் குழந்தைகளிடம் இயல்பு என்று பிறகுதான் படித்தேன். "இவ்வளவு தெரிந்தவள் இதற்கா அழுவது?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கக் கூடாது. இப்போது நிறுத்திவிட்டேன்.

வகுப்பில் நெருங்கிய தோழி யாரும் இல்லை. விளையாட்டுக்கு இவள் போடும் விதிகள் மற்றவர்களுக்குப் பிடிபடுவதில்லை, ஒதுங்கிவிடுகிறாள். அப்புறம், தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். சைக்கிளில் ஒருமுறை விழுந்தாள், அதோடு சரி, தொடவே இல்லை.

ஒரு வகுப்பு மேலே சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? அங்கே நட்பு அமைந்ததா, தனிமை கூடியதா? தோற்றாலும் பரவாயில்லை என்பதை எப்படிப் பழக்கினீர்கள்? இப்படிப்பட்ட குழந்தைகளை நன்றாகப் புரிந்துகொள்ளும் உளவியல் ஆலோசகரை எப்படி அடையாளம் கண்டீர்கள்? சின்ன அனுபவமாக இருந்தாலும் எழுதுங்கள்.