ஆகஸ்டா 2025, மாஸ்டர்ஸ் கோல்ஃப் கடைசி நாள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு ஷாட்டைச் சொல்லுங்கள்

விடியல்_சென்னை:
13வது ஹோல், ரோரி மெக்கில்ராயின் மூன்றாவது ஷாட். தண்ணீருக்குப் பயந்து ரெண்டாவதைப் பத்திரமாகப் போட்டுவிட்டார், மிச்சம் நூறு யார்டுக்கும் குறைவு. கிட்டத் தூரத்துக்கான மட்டை வெட்ஜ் கையில். பந்து வலது பக்கம் குறைவாக விழுந்து, மெதுவாக உருண்டு ஓடைக்குள் போனது. அந்த மெதுவுதான் தாங்கவில்லை. நம்மூரில் மணி மூணு, விடிந்தால் சித்திரை ஒன்று, அம்மா தாம்பாளத்தில் மாம்பழமும் கண்ணாடியும் எடுத்து வைத்திருந்தார். சமநிலையை முறிக்கும் பிளே ஆஃப் முடிந்து, ஜெயித்த ரோரி மண்டியிட்டு அழுதபோது அம்மா எழுந்து வந்து, "வருஷப் பிறப்பும் அதுவுமா கனி பார்க்காம டிவியா பார்த்தே?" என்று கேட்டார். நானும் அழுதுகொண்டிருந்தேன், பதில் சொல்ல முடியவில்லை.

பைன்மரம்:
நேரில் இருந்தேன், 18வது கிரீன், அதாவது கடைசிக் குழி இருக்கும் புல்தரைப் பக்கம். ஆகஸ்டாவுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, அதனால் தூரத்துச் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பெரிய போர்டில் ஆள் கையால்தான் எண்ணை மாற்றுகிறார்கள். சிவப்பு எண் என்றால் பார் கணக்கைவிட அத்தனை அடி குறைவு, அதாவது முன்னிலை. ரோரி பெயருக்கு நேரே இருந்த சிவப்பு 13ஐக் கழற்றி 11ஐ மாட்டினதும் கூட்டம் மொத்தமும் "ஓ..." என்றது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த "ஓ" இன்னும் காதில் இருக்கிறது, கடைசியில் ரோரி ஜெயித்தபோது எழுந்த ஆரவாரம்கூட அவ்வளவு நினைவில்லை.

ரோஸ்_ரசிகன்:
எல்லாரும் ரோரி ரோரி என்கிறீர்கள். 44 வயதில் ஜஸ்டின் ரோஸ் அன்றைக்குப் பத்து பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) அடித்தார், மொத்தம் 66 அடியில் முடித்தார். 18வதில் சுமார் இருபதடி தூரத்திலிருந்து அவர் பந்தைக் குழிக்குள் தட்டியதால்தான் பிளே ஆஃப் வந்தது. 2017இல் இதே 18வதில் கார்சியாவிடம் பிளே ஆஃபில் தோற்றவர் அவர். விடியல் சார், நீங்கள் அழுத அந்த நிமிஷத்தில் நான் ரோஸ் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோரி போட்டி முழுக்க நாலு டபுள் போகி (பாரைவிட இரண்டு அடி அதிகம்) போட்டும் ஜெயித்தார், சரி, 2014க்கு அப்புறம் அடுத்த மேஜர் பட்டத்துக்குப் பதினோரு வருஷம் காத்திருந்தவர், மறுக்கவில்லை. ஆனால் ரோஸுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அரை_ஸ்விங்:
நான் ஹைலைட்ஸ்தான் பார்த்தேன், அதே 13வது. ஒன்று சொல்கிறேன், இங்கே ஆடுகிறவர்கள் கேளுங்கள். அந்தத் தூரத்துக்கு முழு ஸ்விங்கும் இல்லை, கிரீன் ஓரத்தில் தட்டும் சிப்பும் இல்லை, அதனால்தான் எல்லாருக்கும் சறுக்குகிறது. பின்னால் நீளமாக எடுத்துப் போய்விட்டு, இறங்கும்போது பயந்து கையை மெதுவாக்குகிறோம், பந்து குறைவாக விழுகிறது. பின்னால் எடுப்பதைக் குறையுங்கள், இடுப்பு வரை போதும், அப்புறம் தயங்காமல் முடியுங்கள். எடை முன்காலில் இருக்கட்டும். பயிற்சி ரேஞ்சில் நீளமாக அடிக்கும் டிரைவரை விட்டுவிட்டு ஐம்பது, அறுபது, எழுபது யார்டு என்று மூன்று துண்டு விரித்துப் பழகுங்கள், ஒரு மாதம். கொடிக்கு நேரே குறி வைக்காதீர்கள், தண்ணீர் இல்லாத பக்கம் பாருங்கள்.

விடியல்_சென்னை:
ரோஸ்_ரசிகன், நீங்கள் சொன்னதும் மறுபடி போட்டுப் பார்த்தேன். தோற்றதும் ரோரியைக் கட்டிப் பிடித்தார் ரோஸ். அன்று ராத்திரி நான் அதைக் கவனிக்கவே இல்லை.