எட்டுப் பேர் உள்ள நிறுவனத்துக்கு டிஜிட்டல் மதிப்பீட்டுக் கருவி தேவையா?

சிறுதொழில்: எங்களிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். யாருக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்று கண்டுபிடிக்க இணையவழி மதிப்பீட்டுக் கருவி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எல்லாரும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், யார் எதில் பின்தங்கியிருக்கிறார் என்று அறிக்கை வந்துவிடுமாம். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கிடங்குக்காரர்: வேண்டாம் என்பேன். தினமும் கூடவே இருப்பவர்களைப் பற்றி மென்பொருளிடம் கேட்க என்ன இருக்கிறது? அதிலும் பல கருவிகள், "எக்செல் எவ்வளவு தெரியும், 1 முதல் 5 வரை போடுங்கள்" என்று அந்த ஆளிடமே கேட்கின்றன. டன்னிங், க்ரூகர் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேலே வைத்துக்கொண்டார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர் 5 போடுவார், நன்றாகத் தெரிந்தவர் தயங்கி 3 போடுவார். அப்புறம் பயிற்சிக்கு யாரை அனுப்புவீர்கள்?

பேரேடு: கூடவே இருந்தால் தெரிந்துவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பு நான் இருந்த அலுவலகத்தில் ஒருவர் மாதக் கணக்கை எக்செல்லில்தான் போடுவார். ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் கால்குலேட்டரில் கூட்டி, அந்த எண்ணைத் தட்டச்சு செய்துவிடுவார். கணக்கு எப்போதும் சரியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கணினியிலேயே செய்து காட்டும் தேர்வு ஒன்று வைத்தார்கள். நடுவில் ஒரு தொகையை மாற்றச் சொன்னபோது, கீழே கூட்டுத்தொகை அப்படியே நின்றது. முதலாளியின் கண்ணுக்கு முடிவு தெரியும், செய்த விதம் தெரியாது. வாயுள்ளவர் பயிற்சியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பேசாமல் வேலை பார்ப்பவருக்கு இப்படி ஒரு தேர்வுதான் வழி.

கிடங்குக்காரர்: நீங்கள் சொல்வது செய்முறைத் தேர்வு. அது நல்லதுதான். ஆனால் மலிவாகக் கிடைப்பவற்றில் நிறைய, நாலு விடையில் ஒன்றைச் சொடுக்கும் வினாத்தாள்தான். அதில் முழு மதிப்பெண் வாங்கிய எங்கள் ஆள் ஒருவர், வாடிக்கையாளர் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டார். பெயர்கள் நகர்ந்தன, தொலைபேசி எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லாப் பொருளும் தப்பான ஆளுக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது.

பயிற்றுநர்: இரண்டு பேருமே ஆளை மட்டும் பார்க்கிறீர்கள். மெக்கீ, தேயர் என்ற இருவர் 1961-லேயே பயிற்சித் தேவையை நிறுவனம், வேலை, ஆள் என்று மூன்று நிலைகளில் ஆராயச் சொன்னார்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் மூன்றாவதோடு நின்றுவிடுகின்றன. ரசீதில் பிழை வருகிறது என்றால், போடுபவருக்குத் தெரியாததாலா, நிமிடத்துக்கொருமுறை தொலைபேசி எடுக்க வேண்டியிருப்பதாலா? இரண்டாவது காரணத்துக்கு எந்த வகுப்பும் உதவாது. டிஜிட்டல் திறன்களை வகைப்படுத்திப் பட்டியலிடும் நல்ல சட்டகங்கள், ஐரோப்பிய ஆணையத்தின் டிஜ்காம்ப் போல, உண்டுதான். 2022 பதிப்பில் 5 பிரிவுகள், 21 திறன்கள். ஆனால் உங்கள் வேலைக்கு அதில் நாலைந்து போதும். மீதியை அளந்தால் தேவையே இல்லாத "குறைகள்" அறிக்கையில் வந்து உட்காரும்.

பேரேடு: சரி, அதை ஏற்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடு சேர்த்தீர்களானால் எல்லாம் பாழ். பக்கத்து மேசையில் கேட்டுக் கேட்டுப் பதில் போடுவார்கள். "பெயர் தெரியாது" என்ற வாக்குறுதியும் வேண்டாம். கிடங்கில் இருவர்தான் என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். யார் பார்ப்பார்கள், எதற்கு என்று முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள்.

சிறுதொழில்: அப்படியானால் முதலில் திரும்பி வந்த ரசீதுகளையும் புகார்களையும் எடுத்து வைத்து, எங்கே தவறு நடக்கிறது என்று பார்க்கிறேன். அதில் தெரியாமல் நடப்பது எதுவோ, அதற்கு மட்டும் எங்கள் சொந்தக் கோப்பின் நகலை வைத்தே செய்முறைத் தேர்வு.

கிடங்குக்காரர்: அதற்குக் கருவியே தேவையில்லையே, ஒரு நகலும் ஒரு மணி நேரமும் போதும்.

பேரேடு: எட்டுப் பேருக்கும் ஒரே தேர்வை ஒரே மாதிரி திருத்தி, ஆறு மாதம் கழித்து மறுபடி வைத்து ஒப்பிட வேண்டுமே. அதையும் கையால் செய்யப் போகிறீர்களா? அங்கேதான் கருவி தேவை என்கிறேன்.